ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ‘பிரிவிலேஜ்’ என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

இலத்தீனில் ‘பிரிவுஸ்’ என்றால் தனிப்பட்ட, ‘லெக்ஸ்’ என்றால் சட்டம். ஒருவரைக் குறிவைத்து இயற்றிய சட்டம் என்பதே மூலப்பொருள். அது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை: கி.மு. 58இல் தன்னை நாடுகடத்திய சட்டத்தை ரோமானிய அரசியல்வாதி சிசெரோ இந்தச் சொல்லால்தான் சாடினார்.

ஊரே வரிசையில் நிற்க, ஒருவருக்கு மட்டும் பக்கக் கதவு திறக்கிறது என்று வையுங்கள். யார் திறந்தார், எதற்காக என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். அவையில் பேசியதற்காக எம்.பி. மீது வழக்குத் தொடர முடியாது என்றால் அது சிறப்புரிமை. வெள்ளையராகப் பிறந்ததாலேயே கிடைப்பது, கேட்காமல் வந்த அனுகூலம். “உங்களைச் சந்தித்தது பிரிவிலேஜ்” என்று ஆங்கிலத்தில் சொன்னால் வெறும் பாக்கியம்தான். கதவைத் திறந்தவருக்கு ஒரு கும்பிடு.

பிரான்சில் இந்தச் சொல்லின் மேல் ஒரு கறை உண்டு. 1789 ஆகஸ்ட் 4 இரவு, பிரபுக்களும் குருமாரும் அனுபவித்த சலுகைகளை ஒழிக்க தேசிய சபை முடிவெடுத்தது. அங்கே ஒழிக்கப்பட்டவற்றின் பெயரே இதுதான்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: ரயிலை ‘பிரிவிலேஜியே’ செய்யுங்கள் என்று பிரெஞ்சுக்காரர் சொன்னால் ரயிலுக்குச் சலுகை கேட்கவில்லை, முடிந்தவரை ரயிலிலேயே போங்கள் என்கிறார்.