திருவிழா நாடகத்தில் ஒத்திகையே கிடையாதாமே, எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மதுரைப் பக்கம் பங்குனி தொடங்கி ஆனி வரை கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகத்துக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். இதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் அந்த ஒரு இரவுக்குத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். பல நேரம் அவர்கள் சந்தித்துக்கொள்வதே மேடைக்குப் பின்னால், அரிதாரம் பூசும்போதுதான்.

ஆனாலும் நாடகம் நிற்காது. காரணம், எல்லோருக்கும் பாடம் ஒன்றே. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்களின் பாட்டும் வரிசையும் அவர்களுக்கு மனப்பாடம். கல்யாண மேளத்தில் நாதஸ்வரம் ஒரு ஊர், தவில் ஒரு ஊர் என்றாலும் கெட்டிமேளம் பிசகுவதில்லையே, அதே கணக்குதான்.

சிக்கல் வருவது சுருதியில். ராஜபார்ட்டுக்கு ஒரு கட்டை (பாடும் சுருதியின் அளவு), ஸ்திரீபார்ட்டுக்கு வேறொன்று. வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும் இடத்தில் பாட்டு மாறி மாறி வரும். ஆர்மோனியக்காரர் அடுத்தவர் வாய் திறப்பதற்குள் கட்டையைப் பிடித்துத் தர வேண்டும். பிந்தினால் பாடுபவர் தடுமாறுவார், தாளமும் சேர்ந்து இழுபடும். என்னைக் கேட்டால், அந்த இரவைத் தாங்கும் ஆள் ஆர்மோனியக்காரர்தான்.

இதைத் தெருக்கூத்து என்று பலர் நினைக்கிறார்கள். தெருக்கூத்து வடமாவட்டங்களில் வேரூன்றிய, வேறு ஒப்பனையும் ஆட்டமுறையும் கொண்ட தனிக்கலை.