கையால சுத்துற பழைய மசாஜ் மெஷின அம்மா கால்ல வைக்கலாமா?

இங்கிலாந்துல லீட்ஸ்ல வேலை பாக்குற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "கார் பூட் சேல்ல, அதான் பழைய சாமான் விக்கற சந்தைல, ஒரு பழைய பெட்டி வாங்கினேன், உள்ள கையால சுத்துற மசாஜ் மெஷின் இருக்கு, மேல பிளட் சர்குலேட்டர்னு எழுதியிருக்கு, கைப்பிடிய சுத்தினா முனை இப்பவும் நல்லா அதிருது. ஊர்ல இருந்து அம்மா வந்து பத்து நாள் ஆச்சு. 64 வயசு, 12 வருஷமா சுகர், ரெண்டு கால்லயும் நரம்பு சுருண்டு இருக்கும். ஃப்ளைட்ட விட்டு இறங்கினதுல இருந்து இடது கெண்டைக்கால் வலிக்குதுன்னு சொல்றாங்க. தினம் ராத்திரி பத்து நிமிஷம் இத வச்சு சுத்தி விட்டா ரத்த ஓட்டம் நல்லா இருக்குமா? மெஷினுக்கு என்ன எண்ணெய் போடணும்?"

தம்பி, எண்ணெய் பத்தி கடைசில சொல்றேன். இப்போதைக்கு மெஷின பெட்டில வச்சு மூடிட்டு அம்மா கிட்ட போய் உக்காருங்க. நீங்க எழுதினதுல எனக்கு மெஷின் கண்ணுல படல, "இடது கெண்டைக்கால், ஃப்ளைட்ல இருந்து இறங்கினதுல இருந்து"ங்கற வரிதான் பட்டுது. ரெண்டு காலும் சேந்து அசதியா வலிக்கறது வேற, பல மணி நேரம் அசையாம உக்காந்து வந்தப்புறம் ஒரே ஒரு கால்ல மட்டும் வலி வர்றது வேற. ரெண்டாவது வகைல உள்ள ஆழமா ஓடுற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டி நிக்க வாய்ப்பு இருக்கு. எல்லாருக்கும் அப்படி ஆகறதில்ல, பயப்படாதீங்க. நாலு மணி நேரத்துக்கு மேல பயணம் பண்ணா இந்த ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்காகுது, அப்படியும் சராசரியா ஆறாயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தான் வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007ல சொன்னாங்க. ஆனா வயசு, உடம்பு எடை, சுருண்ட நரம்பு இதெல்லாம் சேரும்போது கணக்கு மாறும், இறங்கி சில வாரம் வரைக்கும் கூட அந்த ஆபத்து இருக்கும்.

அம்மாவ கால நீட்டி உக்கார வச்சு, முட்டிக்கு கீழ முன்பக்கம் எலும்பு லேசா மேடு தட்டும்ல, அங்க இருந்து 10 சென்டிமீட்டர் கீழ பேனாவால ஒரு புள்ளி வைங்க, ரெண்டு கால்லயும். தையல் டேப் வச்சு அந்த இடத்துல சுத்தளவு எடுங்க. இடது கால் 3 சென்டிமீட்டருக்கு மேல பெருசா இருந்தா, தொட்டா சூடா இருந்தா, சிவந்தோ கருத்தோ இருந்தா, லேசா அமுக்கினாலே வலிச்சா, அன்னைக்கே டாக்டர் பாக்கணும். உடனே 111க்கு, அதான் அங்க மருத்துவ ஆலோசனை கேக்கற நம்பருக்கு, போன் பண்ணுங்க. பாதத்த மேல மடக்கி வலிக்குதான்னு பாத்து முடிவு பண்ற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, அத நம்பாதீங்க, ரத்தக்கட்டி இருக்கறவங்களுக்கே வலிக்காம போறதுண்டு. அளவுல வித்தியாசம் இல்லன்னாலும் பத்து நாளா விடாத ஒத்தக்கால் வலின்னா நான் போன் பண்ணத்தான் சொல்லுவேன். இதுக்கு நடுவுல மூச்சு வாங்குது, நெஞ்சு குத்துது, இருமினா ரத்தம் வருதுன்னா 111 எல்லாம் வேணாம், நேரா ஆம்புலன்ஸ் கூப்பிடற 999தான். விசிட்டர் விசான்னு தயங்கறீங்களோ என்னவோ, அவசர சிகிச்சைப் பிரிவுல பாக்கறதுக்கு அங்க யாருக்கும் காசு கிடையாது, வார்டுல அட்மிட் பண்ணா அப்புறம் பில் வரும், அதுக்கு இன்சூரன்ஸ் பேப்பர கையோட எடுத்துட்டு போங்க. டாக்டர் ஒரு ரத்த டெஸ்ட்டும், குழாய்ல ரத்தம் ஓடறத பாக்கற டாப்ளர் ஸ்கேனும் எடுத்து தெளிவா சொல்லிடுவாங்க.

ஏன் இவ்ளோ அவசரப்படுத்தறேன்னா, கட்டி இருக்கற கால்ல மெஷின் வச்சு அதிர வச்சாலோ, எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விட்டாலோ, அது பிச்சுக்கிட்டு மேல ஏறி நுரையீரல் குழாய அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. இது பழைய மெஷினுக்கு மட்டும் இல்ல, இப்ப எல்லாரும் வாங்கற மசாஜ் கன், கால் அமுக்கற மெஷின், ஏன் நம்ம கைக்கும் இதேதான். ஒத்தக்கால் வீங்கி வலிச்சா காரணம் தெரியற வரைக்கும் யாரும் அமுக்கக் கூடாது.

சரி, டாக்டர் பாத்துட்டு கட்டி எதுவும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னு வச்சுக்குவோம். இப்ப மெஷினுக்கு வருவோம்.

உங்க கைல இருக்கறது, பெட்டி மேல டாக்டர் மக்கௌரான்னும் பல்சோகான்னும் போட்டிருந்தா, உங்க ஊர்லயே செஞ்ச சரக்கு தம்பி. லீட்ஸ்ல பிரிட்டிஷ் அப்ளையன்சஸ் மேனுஃபேக்சரிங் கம்பெனின்னு ஒண்ணு இத செஞ்சு வித்துச்சு, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதே காலத்துல வீ டீன்னு ஜெர்மனில செஞ்ச இன்னொரு கையால சுத்துற மெஷினும் இங்கிலாந்துல நல்லா ஓடுச்சு. எல்லாம் ஒரே வேலைதான். ஒரு கைல பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கைப்பிடிய சுத்தணும், பழைய முட்டை அடிக்கற கருவி மாதிரி. உள்ள பெரிய பல்சக்கரம் சின்ன பல்சக்கரத்த வேகமா ஓட்டும், அந்த சுழற்சி முனைல முன்னும் பின்னுமான குத்தலா மாறும். உங்க மெஷின் எவ்ளோ வேகம்னு தெரியணும்னா கைப்பிடிய ரொம்ப மெதுவா ஒரே ஒரு சுத்து சுத்தி முனை எத்தன தடவ வெளிய வருதுன்னு எண்ணுங்க. 15 தடவன்னு வைங்க, நீங்க செகண்டுக்கு ரெண்டு சுத்து சுத்தினா செகண்டுக்கு 30 அதிர்வு. கை அசந்து போய் வேகம் குறையக் குறைய அதிர்வும் குறைஞ்சிடும், கரண்ட் மெஷின் மாதிரி ஒரே சீரா வராது.

அந்தக் காலத்துல ஐரோப்பால அதிர்வு வைத்தியம்னா பெரிய நம்பிக்கை. ஸ்வீடன்ல குஸ்டாவ் சாண்டர்னு ஒரு டாக்டர் 1865லயே ஸ்டாக்ஹோம்ல மெஷின் வச்சே உடற்பயிற்சியும் மசாஜும் குடுக்கற நிலையம் ஆரம்பிச்சார். பாரிஸ்ல ஷார்கோ, நரம்பு வைத்தியத்துல அவர் பேர சொல்லாம இன்னைக்கும் யாரும் படிக்க முடியாது, அவர் கிட்ட வந்த பார்க்கின்சன்ங்கற நடுக்க நோய் இருக்கறவங்க "ரயில்லயும் குதிரை வண்டிலயும் ரொம்ப தூரம் குலுங்கிட்டு வந்தா உடம்பு லேசா இருக்கு"ன்னு சொன்னத கவனிச்சு, அதே மாதிரி குலுங்கற நாற்காலி ஒண்ணு செஞ்சார், 1892ல அத பத்தி பேசினார். அத மறுபடி இந்தக் காலத்துல சோதிச்சு பாத்து 2012ல வெளியிட்டாங்க. ஒரு கூட்டத்துக்கு நாற்காலில அதிர்வு, இன்னொரு கூட்டத்துக்கு அதிர்வே இல்லாம சும்மா உக்கார வச்சு ஒலி மட்டும். ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி கொஞ்சம் தேவலைன்னு ஆச்சு! இத நான் எல்லா பேஷன்ட் கிட்டயும் சொல்லுவேன், ஏன்னா "வச்சா நல்லா இருக்கு"ங்கறது உண்மைதான், அதுக்காக "அந்த மெஷின் நோயை சரி பண்ணுது"ன்னு ஆகிடாது. ஒருத்தர் அக்கறையா பக்கத்துல உக்காந்து பத்து நிமிஷம் நம்ம கால பாக்கறதே பாதி வலிய குறைக்கும்.

பல்சோகான் பெட்டி மேல பேர் இருக்கற மக்கௌரா, அத விளம்பரம் பண்ணி வித்தவர், அவர் கதை இவ்ளோ நேர்மையானது இல்ல. டாக்டர்னு போட்டுக்கிட்டார், பெரிய பெரிய மண்டபத்துல கூட்டம் கூட்டி, நடக்க முடியாதவங்கள மேடை ஏத்தி மெஷின் வச்சு காட்டுவார், வாதம், செவிட்டுத்தன்மைன்னு கண்ட நோய்க்கும் இதுவே மருந்துன்னு விளம்பரம். கடைசில பிரான்ஸ்ல மோசடி வழக்குல மாட்டி 1914ல ஜெயில் தண்டனை வாங்கினார். நான் இத சொல்றது அந்த "பிளட் சர்குலேட்டர்"ங்கற பேரு ஒரு மருத்துவ வார்த்தை இல்ல, வியாபாரத்துக்கு வச்ச பேருன்னு உங்களுக்கு புரியணும்னுதான். எனக்கு கோபம் வர்றதும் அந்தப் பேர் மேலதான். ரத்த ஓட்டம் சரியில்லாதவங்கதான் அந்தப் பேர நம்பி வாங்குவாங்க, அவங்கதான் இத வைக்கவே கூடாதவங்க.

நிஜமா கால்ல இருந்து ரத்தத்த மேல ஏத்தறது யாருன்னா நம்ம கெண்டைக்கால் தசை. காலு ரத்தக்குழாய் உள்ள ஒரு பக்கமா மட்டும் திறக்கற வால்வு இருக்கு, தசை இறுகும்போது குழாய பிழிஞ்சு ரத்தம் மேல போகும், வால்வு கீழ இறங்க விடாது. அந்த வால்வு கெட்டுப் போறதுதான் உங்க அம்மாவுக்கு நரம்பு சுருண்டு நிக்கறது, நரம்புன்னு சொல்றோம், அது ரத்தக்குழாய்தான். ஒரு ரூபா அகலத்துக்கு ஒரு முனை தோல் மேல குத்திக்கிட்டு இருந்தா இந்த வேலைய அது எப்படி செய்யும்? அந்த இடம் கொஞ்ச நேரம் சிவக்கும், சூடாகும், அவ்ளோதான். அம்மாவ நாற்காலில உக்கார வச்சு குதிகால தூக்கி இறக்கச் சொல்லுங்க, ஒரு தடவைக்கு இருபது, பகல்ல மணிக்கு ஒரு தரம். நின்னுக்கிட்டு சமையல் மேடைய பிடிச்சு குதிகால் தூக்க முடிஞ்சா இன்னும் நல்லது. சாயங்காலம் பக்கத்து பார்க்ல ஒரு நடை. ராத்திரி கால் மாட்டுல தலகாணி. இந்த இறுக்கமான சாக்ஸ் மட்டும் நீங்களா வாங்கி மாட்டிடாதீங்க, சுகர் இருக்கறவங்களுக்கு காலுக்கு இறங்கி வர்ற ரத்தமும் சில சமயம் குறைவா இருக்கும், கணுக்கால்ல பிரஷர் பாத்துட்டுதான் மாட்டணும்.

அப்ப அதிர்வால ஒண்ணுமே பிரயோஜனம் இல்லையான்னா, இருக்கு. அடிபட்டா உடனே அந்த இடத்த தேய்க்கறோம்ல, தேய்க்கற உணர்ச்சி தண்டுவடத்துல வலி உணர்ச்சிய கொஞ்சம் மறிச்சு நிறுத்துது, மெல்சாக், வால்னு ரெண்டு பேர் 1965ல சொன்ன விளக்கம் இது. அதிர்வும் அதே மாதிரிதான். தோள்பட்டை இறுக்கம், முதுகுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வர்ற பிடிப்பு, தொடைல நடந்த அசதி, இதுக்கெல்லாம் ஒரு இடத்துக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் துணி மேல வச்சு லேசா ஓட்டினா சுகமா இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு. நீங்க உங்க தோளுக்கு வச்சுக்கலாம், ஆனா உங்களுக்கு நீங்களே சுத்த முடியாது, சுத்தற கையோட தோள்பட்டையே இறுகிக்கும், வேற யாராவதுதான் சுத்தணும். எலும்பு தட்டுற இடம், முன்கழுத்து, கண்ணை சுத்தி, வயிறு, இங்கெல்லாம் எப்பவும் வேணாம். சுளுக்கின மூணு நாளைக்குள்ள வேணாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு வேணாம், அப்படி ஒருத்தர் மசாஜ் கன் வச்சுட்டு தொடை முழுக்க கத்திரிக்காய் கலர்ல கன்னிப்போய் என்கிட்ட வந்தார், பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

அம்மாவுக்கு இன்னொரு விஷயம். 12 வருஷ சுகர்னு சொன்னீங்க. பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு டாக்டர் எப்படி பாப்பாங்கன்னா 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்க, அதான் தட்டினா அதிர்ற ரெண்டு கவை உள்ள உலோகக் கருவிய, தட்டி கட்டைவிரல் மேல வைப்பாங்க, அதிர்வு தெரியுதான்னு கேப்பாங்க. சுகர்ல முதல்ல போற உணர்ச்சில அதிர்வு உணர்ச்சியும் ஒண்ணு. அப்படி போயிருந்தா நீங்க மெஷின் வச்சு "வலிக்குதாம்மா"ன்னு கேட்டா "நல்லா இருக்குப்பா"ன்னுதான் சொல்லுவாங்க, அங்க தோல் பிஞ்சிருந்தாலும் தெரியாது. சுகர் காலுல சின்ன சிராய்ப்பு எங்க கொண்டு போய் விடும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால அம்மாவோட முட்டிக்கு கீழ இந்த மெஷின் எப்பவுமே வேணாம், கட்டி இல்லன்னு ரிப்போர்ட் வந்தாலும் வேணாம். ரிப்போர்ட் வந்தப்புறம் நல்லெண்ணெய லேசா கைல தடவி, அழுத்தாம, சுருண்ட இடத்த விட்டுட்டு, கணுக்கால்ல இருந்து மேல பாத்து நீவி விடுங்க. விரல் இடுக்குல எண்ணெய் விடாதீங்க, அங்க ஈரம் நின்னா புண்ணாகும். நீவும்போதே பாதத்த திருப்பி வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துடுங்க.

கடைசியா எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய், பல்சக்கரத்துல ஒரு சொட்டு, சுத்தற அச்சுல ஒரு சொட்டு, அதுக்கு மேல வேணாம். முன்னாடி பழைய கிரீஸ் கல்லு மாதிரி காஞ்சு இருந்தா மூங்கில் குச்சியால சுரண்டி எடுங்க, இரும்பு ஊசி வேணாம். வெள்ளியாட்டம் மின்னுறது நிக்கல் முலாம், அத பித்தளை பாலிஷ் போட்டு தேச்சா முலாம் போயிடும், காஞ்ச பருத்தித் துணியால துடைச்சா போதும். முலாம் உரிஞ்சு நிக்கற இடத்துல விரல் ஓட்டாதீங்க, பிளேடு மாதிரி இருக்கும். தோல்ல படற முனை கறுப்பா கெட்டியா இருந்தா அது அனேகமா கந்தகம் சேத்து இறுக வச்ச ரப்பர், வெயில்லயும் சுடுதண்ணிலயும் காட்டாதீங்க, பழுப்பாகி கந்தக வாடை அடிக்கும், வெடிச்ச ரப்பர உடம்புல வைக்கவும் கூடாது. பெட்டியையும் உள்ள இருக்கற காகிதத்தையும் தூக்கி எறியாதீங்க, சேகரிக்கறவங்களுக்கு அதுதான் பாதி மதிப்பு. உங்க ஊர்லயே செயின்ட் ஜேம்ஸ் ஆஸ்பத்திரி பக்கத்துல தாக்ரே மருத்துவ மியூசியம் இருக்கு, பழைய வைத்தியக் கருவிங்க நிறைய வச்சிருக்காங்க, போட்டோ எடுத்து அனுப்பி கேளுங்க. அதெல்லாம் அடுத்த வாரம் பண்ணிக்கலாம், டேப் இன்னைக்கே எடுங்க, இடது கால் எத்தன, வலது கால் எத்தனன்னு எழுதி வச்சுக்கிட்டு 111ல பேசும்போது அந்த ரெண்டு நம்பரையும் சொல்லுங்க.