ஆன்டிபாடி முந்தினால்… – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறேன். நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம், இருந்தால் எச்.ஐ.வி. தொற்று என்கிறார்கள். அதே ஆன்டிபாடியைக் கொடுத்துத் தொற்றையே தடுக்கலாம், சளிச்சவ்வில் தடவினாலே போதும் என்றும் கேள்விப்பட்டேன். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

மா.

அன்புள்ள மா.,

பொருந்தும். சோதனையில் தெரிவது, வைரஸ் உள்ளே வந்த பிறகு உடம்பு செய்துகொண்டது. அதில் பெரும்பகுதி வைரஸில் ஒட்டுமே தவிர முடக்காது. முடக்கும் சரக்கு தயாராவதற்குள் வைரஸ் தன் மரபுச்செய்தியை சிடி4 என்ற நோயெதிர்ப்புச் செல்லின் டி.என்.ஏ.வில் செருகிவிட்டிருக்கும். தண்ணீர் வயலில் ஏறிய பிறகு பாளையங்கால்வாய் மடையை அடைத்து என்ன பயன்? நாய்க்கடிக்கு இம்யூனோகுளோபுலினைக் கடிவாயிலேயே ஏற்றுவதை வார்டில் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான்: ஆன்டிபாடி முந்த வேண்டும்.

தடவும் கதை 2003-இல் வந்த குரங்குச் சோதனை. எச்.ஐ.வி. அந்தக் குரங்குகளில் வேர்பிடிக்காது. அதனால் குரங்கு வைரஸுக்கு எச்.ஐ.வி.யின் மேலுறையை மாட்டி 'ஷிவ்' என்ற கலப்பு வைரஸைச் செய்தார்கள். பி12 என்ற ஆன்டிபாடி 5 மில்லிகிராமைப் பிறப்புறுப்பில் வைத்து, 2 மணி நேரத்துக்குள் வைரஸை விட்டார்கள். 12 குரங்குகளில் 3-க்கே தொற்றியது. ஆன்டிபாடி இல்லாத 13-இல் 12-க்குத் தொற்றியது. அந்த 2 மணி நேரத்தைக் கவனியுங்கள். சளி ஓடிக்கொண்டே இருக்கும். தடவியது அங்கேயே உட்கார்ந்திருக்காது.

அதனால்தான் ரத்தக்குழாயில் ஏற்றும் வழிக்குப் போனார்கள். சளிச்சவ்வுக்குக் காவல் ஐ.ஜி.ஏ. வகை ஆன்டிபாடி என்றுதான் பாடத்தில் இருக்கும். ஆனால் பெண் பிறப்புறுப்புச் சுரப்பில் ஐ.ஜி.ஜி. வகைதான் அதிகம், ரத்தத்திலிருந்தும் அது கசிந்து வருகிறது. கசிவது கொஞ்சம் என்பதால் ரத்தத்தில் நிறைய ஏற்ற வேண்டும். வி.ஆர்.சி.01 என்ற ஆன்டிபாடியை மனிதர்களுக்கு ஏற்றிப் பார்த்த சோதனையில் உடல் எடையில் கிலோவுக்கு 10 அல்லது 30 மில்லிகிராம், 8 வாரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ ஆளுக்குப் பெரிய அளவு என்றால் ஒரு தடவைக்கே 1,800 மில்லிகிராம்.

4,600 பேருக்கு மேல் பங்கெடுத்த அந்தச் சோதனையின் முடிவு 2021-இல் வந்தது: மொத்தத்தில் தடுக்கவில்லை. ஆனால் ஆய்வகத்தில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவான ஆன்டிபாடிக்கே அடங்கும் வைரஸ்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், சுமார் 75 சதவீதம் தடுத்திருக்கிறது. ஊரில் உலவிய வைரஸ்களில் அப்படி அடங்குபவை 30 சதவீதம்தான். குரங்குக்கு விட்டது, ஆன்டிபாடிக்கு அடங்கும் என்று தெரிந்தே எடுத்த வைரஸ். மனிதரிடையே அப்படிப் பொறுக்கி எடுக்க முடியுமா? ஆகவே, என் கணிப்பில், சளிச்சவ்வைக் காக்கும் வேலையில் ஆன்டிபாடி தோற்கவில்லை. ஒற்றை ஆன்டிபாடியை நம்பியது தோற்றது. இப்போது மேலுறையின் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஆன்டிபாடியின் வால்பகுதியையும் மறக்க வேண்டாம். 2007-இல் பி12-இன் வாலை நோயெதிர்ப்புச் செல்கள் பற்ற முடியாதபடி மாற்றியதும், முன்பு 9 குரங்குகளில் 8-ஐக் காத்த அது, 9-இல் 5-ஐ மட்டுமே காத்தது. வைரஸை மூடுவதோடு, செல்களைக் கூப்பிடுவதும் அதன் வேலை.

இது எதுவும் இன்று ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வார்டில் கிடைக்காது. பணியில் கையில் ஊசி குத்தினால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், ப்ளீச் ஊற்றாதீர்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தின் முதல் மாத்திரை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள். பிறகு 28 நாள், ஒரு நாளும் விடாமல்.