கறி கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள்?

கேள்வி: கூடலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலையும் மிளகும் இருக்கிறது. போன வாரம் ஓடைக்கரையில் ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடந்தது. எங்கள் நாய் அதைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தோம். அதற்கு நாலு நாள் முன்பு, தெரிந்தவர் ஒருவர் காட்டுப்பன்றிக் கறி கொண்டுவந்து கொடுத்தார்; குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். இப்போது பன்றிக் காய்ச்சல் பரவுகிறது என்கிறார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களுக்கு ஏதாவது வருமா? பக்கத்திலேயே என் மைத்துனர் பத்துப் பன்றி வளர்க்கிறார்.

பதில்: முதலில் அந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2009இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 சளிக்காய்ச்சலையும் நம் ஊரில் ‘பன்றிக் காய்ச்சல்’ என்றுதான் சொன்னோம். அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. இப்போது உங்கள் ஊரில் பேசிக்கொள்வது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருக்கும். அந்த வைரஸே வேறு, குடும்பமே வேறு. 1921இல் கென்யாவிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட நோய் அது. இந்த நூறு வருடத்தில் பன்றியை அறுத்தவர், தின்றவர், ஆய்வகத்தில் கையாண்டவர் என்று எத்தனையோ பேர் அதற்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். ஒரு மனிதருக்கும் தொற்றியதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் வராது, நாய்க்கும் வராது.

இதோடு பதிலை முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பன்றி அந்த நோயில்தான் செத்தது என்று யார் சொன்னார்கள்?

2022 ஜூனில் கேரளத்து அதிரப்பள்ளிக் காட்டில் பன்றிகள் செத்து விழுந்தன. பரிசோதித்தபோது தெரிந்தது அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். அடுத்த மாதமே வயநாட்டில் மானந்தவாடிப் பக்கத்துப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்த காட்டுப்பன்றிகளிலும் அதே வைரஸ். இரண்டு நோயிலும் மூக்கிலிருந்து ரத்தம் கசியலாம், இரண்டிலும் மண்ணீரல் வீங்கிக் கறுத்துப்போகலாம். ஒன்று மனிதரைத் தொடவே தொடாது. மற்றது வைரஸ் அல்ல, பாக்டீரியா, ஆளையே கொல்லக்கூடியது. ஓடைக்கரையில் நின்று பார்த்து எது என்று நானும் சொல்ல மாட்டேன், என் படிப்பு அதற்குப் போதாது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்த ஒரு பன்றியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்த்து, அடைப்பான் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கத்தியையே எடுத்தேன். மண்ணீரல் வழக்கமாக நாக்குப்போல நீண்டு மெலிந்திருக்கும். அன்று அது மூன்று மடங்குக்கு மேல் பருத்து, மைபோலக் கறுத்திருந்தது. விரல் பட்டதும் குழைந்தது. காது மடலிலும் அடிவயிற்றிலும் நாவல்பழம் நசுங்கிய நிறத்தில் திட்டுகள். இதைச் சொல்வது நீங்களும் திறந்து பார்ப்பதற்காக அல்ல. அடைப்பானில் செத்த உடலைக் கீறினால் கிருமி காற்றுப் பட்டுக் கெட்டியான உறை கட்டிக்கொள்ளும். பிறகு அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். காட்டில் தானாகச் செத்த எதையும் தொடாதீர்கள், கீறாதீர்கள், ஓடையில் தள்ளிவிடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதோ எரிப்பதோ அவர்கள் வேலை.

இனி கறி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தக் கறியை வைத்திருப்பதே குற்றம். அது உங்களுக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். அதனால் அதை நீட்டவில்லை. எனக்கு வேறொரு சந்தேகம்: அந்தப் பன்றி எப்படி அகப்பட்டது? நல்ல ஆரோக்கியமான காட்டுப்பன்றியை யாரும் சுலபமாகப் பிடித்துவிட முடியாது. ‘புதரோரம் தள்ளாடிக்கொண்டு நின்றது, அடித்தோம்’ என்று அவர் சொன்னால், அது நோய்கண்ட பன்றி. அவரிடம் நேராகக் கேளுங்கள். கறியைத் தொட்டவர், அரிந்தவர் கையில் பூச்சி கடித்தது போலத் தொடங்கி, வலியே இல்லாமல் நடுவில் கருப்புப் பொருக்குத் தட்டிய புண் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆன்டிபயாட்டிக்குக் கேட்கும் நோய்தான் அடைப்பான், நேரத்தோடு போனால். பொருக்குக்குக் காத்திருக்காமல், கறி கொடுத்தவருக்கோ உங்களில் யாருக்காவதோ காய்ச்சல், வாந்தி, ரத்தக் கழிச்சல் என்றாலும் போய்விடுங்கள்.

காட்டுப்பன்றிக் கறி வழியாக மனிதருக்கு வரக்கூடிய வைரஸ் என்றால் ஈ வகை மஞ்சள் காமாலைதான். 2003இல் ஜப்பானில் காட்டு மானின் கறியைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்குச் சில வாரங்களில் காமாலை கண்டது. மிச்சம் வைத்திருந்த கறியிலிருந்த வைரஸும் அவர்கள் ரத்தத்திலிருந்ததும் ஒன்றே என்று ஒப்பிட்டுக் காட்டினார்கள். காட்டுப்பன்றி ஈரலை வேகாமல் தின்றவர்களுக்கும் அங்கே வந்திருக்கிறது. நம் நாட்டில் இந்தக் காமாலை பெரும்பாலும் அசுத்தத் தண்ணீரால்தான் வருகிறது. அதோடு, நாம் குழம்பில் கறியை வேகவைக்கிற வேகத்தில் அந்த வைரஸ் பிழைப்பது கஷ்டம். ஈரலை மட்டும் அரைவேக்காட்டில் சுட்டுத் தின்னும் பழக்கம் சிலருக்கு உண்டு. உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சாப்பிட்டிருந்தால், இரண்டு மாதம் வரை கண் மஞ்சளாகிறதா, சிறுநீர் கறுக்கிறதா என்று கவனியுங்கள். கர்ப்பிணி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்; இந்தக் காமாலை அவர்களைத்தான் அதிகம் கொல்கிறது.

உங்கள் ஊரில் நான் உண்மையில் பயப்படுவது குரங்குச் சாவுக்கு. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் மந்திகளும் குரங்குகளும் செத்தன; பின்னாலேயே மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. அந்தக் கியாசனூர் காட்டு நோய் பிறகு பந்திப்பூர், வயநாடு, நீலகிரி என்று தெற்கே இறங்கியிருக்கிறது. பரப்புவது உண்ணி. குரங்கு செத்து உடல் ஆறியதும் உண்ணிகள் இறங்கிச் சருகில் பரவும். அதில் குட்டி உண்ணி கேழ்வரகு மணி அளவுகூட இருக்காது. கணுக்காலில் ஒட்டியிருந்தால் மச்சம் என்று விட்டுவிடுவோம். நவம்பர் முதல் மே வரை அதன் காலம். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போய்வந்த அன்றே உடுப்பை வெந்நீரில் போட்டு, பிள்ளைகளின் காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் தடவிப் பாருங்கள். காடு போய்வந்த ஒரு வாரத்துக்குள் திடீர்க் காய்ச்சலும் தாங்க முடியாத தலைவலியும் வந்தால், மருத்துவர் கேட்குமுன்பே ‘காட்டுக்குப் போனேன், அங்கே குரங்கு செத்துக் கிடந்தது’ என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாததால் டைபாய்டு மாத்திரையில் நாள் போனவர்கள் உண்டு.

கடைசியாக உங்கள் மைத்துனரின் பத்துப் பன்றி. நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. உங்களுக்கு ஒன்றும் செய்யாத அந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் அந்தப் பத்தையும் வாரித் துடைத்துவிடும். கறி கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள்? எலும்பும் மிச்சக் குழம்பும் எங்கே போயின? கழுநீர்ப் பானை மைத்துனர் வீட்டுத் தொட்டிக்குப் போகிறதா? பச்சைக் கறியிலும் ரத்தத்திலும் அந்த வைரஸ் மாதக்கணக்கில் பிழைக்கும்; உப்புக்கண்டம் போட்டாலும் சாகாது, ஃபிரிட்ஜில் வைத்தாலும் சாகாது. பன்றிக்கு வைக்கிற எச்சிலை அரை மணி நேரம் கொதிக்க வைத்தால்தான் சாகும். நம் நாட்டில் பண்ணையில் இதற்குப் போடத் தடுப்பூசி இல்லை. பிணத்தை இழுத்த நாயை மைத்துனர் கொட்டில் பக்கம் விடாதீர்கள். அதற்கு நோய் வராவிட்டாலும் வாயிலும் காலிலும் சுமந்துபோகும். ஓடைப் பக்கம் போன செருப்போடு நீங்களும் போகாதீர்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக் கழுநீர் அந்தத் தொட்டிக்குப் போன நாளிலிருந்து மூன்று வாரம் எண்ணச் சொல்லுங்கள். அதற்குள் ஒரு பன்றி தீனி எடுக்காமல் படுத்தாலோ, காது சிவந்தாலோ, மிச்சத்தையாவது காசாக்கலாம் என்று இறைச்சிக்கடைக்காரரின் வண்டியில் ஏற்ற வேண்டாம். ஒரு பண்ணையில் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளை அழிப்பதுதான் நடைமுறை. அப்படி ஏற்றிய வண்டி எந்த ஊரில் போய் நிற்கிறதோ, அங்கேயும் அதேதான் நடக்கும். 1962க்குப் போன் போட்டால் கால்நடைத் துறை வண்டி வரும்.

— ஒரு கால்நடை மருத்துவர்