மூன்று நாள் லீவில் மலை ரயில்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி நீலகிரி மலை ரயிலைப் பற்றித்தான். ஒரே மாதிரி கேட்டவர்கள் தங்கள் ஊர் பெயர் இல்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், பதில் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: என் கணவருக்குச் சேர்ந்தாற்போல் மூன்று நாள்தான் லீவு கிடைக்கும். நாங்கள் இருவர், மூட்டு வலி உள்ள மாமியார், ஒன்பது வயசுப் பெண், நாலு வயசுப் பையன். மலை ரயிலில்தான் போகணும் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். தீபாவளிக்குப் போகலாமா, பொங்கலுக்கா? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, பைக்காரா எல்லாம் பார்த்துவிட முடியுமா அண்ணா? (ஆவடி வாசகி)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. முடிந்தாலும், மாமியார் மூன்று நாளும் வேனுக்குள் உட்கார்ந்து "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். உங்கள் பெண் கேட்பது ரயில். அதையே பயணமாக வைத்துக்கொண்டு மற்றதைக் குறையுங்கள்.

தீபாவளி வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பாறையும் மண்ணும் தண்டவாளத்தில் சரிந்து ரயிலை நாள்கணக்கில் நிறுத்தி வைப்பது கிட்டத்தட்ட வருஷா வருஷம் நடப்பது. ரயில்வே ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுசாகத் திரும்பி வரும், லீவு வராது. பொங்கலுக்குப் போங்கள். குளிரும், விடியற்காலையில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி, ஆனால் வானம் தெளிவாக இருக்கும்.

சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் நீலகிரி எக்ஸ்பிரஸ். காலை ஆறு மணிக்கு மேல் மேட்டுப்பாளையம். அங்கிருந்து 7.10-க்கு மலை ரயில். (நேரத்தை டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாற்றுவார்கள்.) எல்லோரும் ஊட்டி வரைக்கும் டிக்கெட் எடுப்பார்கள், அதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். நான் உங்களுக்குச் சொல்வது, குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள். பல் தண்டவாளம், நீராவி இன்ஜின், குகை, பாலம், கீழே அதலபாதாளம் என்று பிள்ளைகள் வாய் பிளக்கும் சமாசாரமெல்லாம் பெரும்பாலும் குன்னூருக்குள் முடிந்துவிடும், அதற்கு மேல் டீசல் இன்ஜின்தான். பத்தரை வாக்கில் குன்னூர். விடுதியில் பன்னிரண்டுக்கு முன்னால் அறை தர மாட்டார்கள், பையை மட்டும் அங்கே வைத்துவிட்டு சிம்ஸ் பூங்காவுக்கு ஒரு ஆட்டோ பிடியுங்கள். பூங்கா சரிவில் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும், திரும்பி ஏறவும் வேண்டும், அதனால் மாமியாரை மேலேயே நல்ல மரமாகப் பார்த்து பெஞ்சில் உட்கார வைத்துவிடுங்கள்.

மறுநாள் குன்னூரிலிருந்து ஊட்டிக்குக் காலை ரயில். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கேத்தி வரும்போது தூங்கிவிடாதீர்கள். பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகக் காய்கறித் தோட்டம், கேரட்டும் முட்டைக்கோசும் பாத்தி பாத்தியாகத் தெரியும். ஊட்டியில் 1848-இல் ஆரம்பித்த தாவரவியல் பூங்கா, ஏரி, அவ்வளவு போதும், சாயங்காலம் குன்னூர் திரும்பிவிடலாம். மூன்றாம் நாள் சாவகாசமாக எழுந்து, டால்பின் நோஸ் பக்கம் டாக்சியில் ஒரு சுற்று போய்விட்டு, மதியத்துக்கு மேல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கினால் அன்று இரவே நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை.

நாலு வயசுப் பையனுக்கு டிக்கெட் தேவையில்லைதான், ஆனால் இருக்கையும் கிடையாது. பெஞ்சுகள் நெருக்கமாக இருக்கும், மூன்று மணி நேரத்துக்கு மேல் யார் மடியில் வைத்திருப்பது? முழுக் கட்டணம் கொடுத்து அவனுக்கும் ஒரு சீட் போட்டுவிடுங்கள். இன்னொன்று, மலை ரயில் பெட்டிக்குள் கழிப்பறை இல்லை. மேட்டுப்பாளையத்திலேயே எல்லோரையும் போய்விட்டு வரச் சொல்லுங்கள், முக்கியமாக "எனக்கு வரலை" என்று சொல்பவர்களை.

கேள்வி: முன்பதிவு எப்போது திறக்கும்? போன வருஷம் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. (கும்பகோணம் வாசகர்)

பயண நாளுக்கு 60 நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு. முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து குறைத்துவிட்டார்கள். பொங்கலுக்கு நவம்பர் பாதியிலேயே உட்கார வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள், முன்பதிவு திறந்தவுடன் எடுக்க இப்போது அது வேண்டும். முதலில் மலை ரயில், அது உறுதியான பிறகு சென்னை ரயில், அப்புறம் அறை. நம் ஆட்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்து, அறைக்கு முன்பணம் கட்டிவிட்டு ரயிலுக்கு அலைவார்கள்.

மலை ரயிலில் இருப்பதே சில பெட்டிகள், வெயிட்டிங் லிஸ்ட் பெரிதாக நகராது. முன்பதிவில்லாத இடம் கொஞ்சம் உண்டு, அதற்கு விடியும் முன்னே வரிசை நிற்கும். தனி ஆள் என்றால் முயற்சி செய்யலாம், குடும்பத்தோடு வேண்டாம். கிடைக்காவிட்டால் குன்னூர் வரை பஸ், அங்கிருந்து ஊட்டிக்கு ரயில். அந்தப் பாதையில் ஒரு நாளைக்குப் பல ரயில்கள் ஓடுகின்றன.

கேள்வி: இன்ஜினை ஏன் பின்னால் மாட்டுகிறார்கள்? அப்பா "அப்படித்தான்" என்கிறார். (ஏழாம் வகுப்பு மாணவி, நாமக்கல்)

அப்பாவிடம் இதைக் காட்டு. மலை ஏறும்போது இன்ஜின் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். நடுவில் இணைப்பு ஏதாவது விட்டுப்போனாலும் பெட்டிகள் பின்னால் உருண்டு ஓடிவிடாது, இன்ஜின் தாங்கிக்கொள்ளும். சில இடங்களில் 12 அடி முன்னால் போவதற்குள் 1 அடி உயர வேண்டியிருக்கிறது, சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்த முறை. கல்லாறு தாண்டியதும் வேகமும் சத்தமும் மாறும், காதை வைத்துக் கேள். மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம்தான், சைக்கிளில் நீ ஜெயித்துவிடலாம். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார், இன்ஜின் ஊதுவதைக் கேட்டு அவர் கையால் பிரேக் பிடிப்பார். அவரையும் கவனி.

பாதை 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்தது. 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இப்போது ஓடும் நீராவி இன்ஜின்களில் சில நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்தவை.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு, காரை எடுத்துக்கொண்டு போனால் ஆகாதா? (சேலம் வாசகர்)

ஆகும். இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் போகிறவர்களுக்குத் தேவையில்லை. கூடவே, கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ரயில்தான் நல்லது. அவ்வளவு மெதுவாகப் போவதில் அந்த ஒரு லாபம் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் தெற்கே. ஊட்டி வரைக்கும் போக நாள் இல்லை. பக்கத்தில் மலை ரயில் எதுவும் இல்லையா? (கோவில்பட்டி வாசகி)

செங்கோட்டை - புனலூர் பாதையை எப்படி மறந்தீர்கள்! 1904-இல் மீட்டர் கேஜாக வந்தது, அகலப்பாதையாக மாற்றி 2018-இல் முழுசாகத் திறந்தார்கள். பகவதிபுரம் தாண்டியதும் நீளமான குகை, வெளியே வந்தால் கேரளம், ஆரியங்காவு. அப்புறம் கழுதுருட்டி பக்கம் பதிமூன்று வளைவுக் கல் பாலம். சாதாரண ரயில், சாதாரணக் கட்டணம். ஒரே நிபந்தனை, வெளிச்சத்தில் மலையைக் கடக்கும் ரயிலாகப் பார்த்து எடுங்கள். ஜூன், ஜூலையில் போனால் திரும்பும்போது குற்றாலத்தில் ஒரு குளியலும் போடலாம்.

கேள்வி: கையில் என்ன எடுத்துக்கொள்வது? (பலர்)

ஸ்வெட்டர், குழந்தைகளுக்குக் காது மூடும் தொப்பி, அசல் அடையாள அட்டை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. இட்லியையும் வாழையிலையிலேயே கட்டுங்கள். ஆனால் ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நிற்கும்போது பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், அங்கே குரங்குகள் அதிகம், ஜன்னல் வழியாகவே கையை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடும்.