பாட்டி பாடியதைப் பதிந்தேன். சில வரி கேட்கவே இல்லை, சில வரி உடைகிறது. கம்ப்ரஸர் போட்டால் சரியாகுமா?

கேட்காத வரிக்கு வழி இருக்கிறது. உடைந்த வரிக்கு இல்லை. பதியும்போதே ஒலி, பதிவின் உச்ச எல்லையான 0 டெசிபலில் முட்டி அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டால், பிறகு போடும் கம்ப்ரஸர் அதைத் திருப்பித் தராது. பாட்டிக்கு உடம்பு முடிந்தால் இன்னொரு தடவை பாடச் சொல்லுங்கள். 24 பிட்டில், உச்சக் குரல் மைனஸ் 12 பக்கம் நிற்கிற மாதிரிப் பதியுங்கள்.

கம்ப்ரஸர், நீங்கள் போட்ட கோட்டைத் தாண்டும் சத்தத்தை அமுக்கும், அவ்வளவுதான். கோடு மைனஸ் 20, ரேஷியோ 3:1 என்றால், 9 டெசிபல் தாண்டிய குரல் 3 டெசிபலோடு நின்றுவிடும். உச்சம் இறங்கியதால் மொத்தத்தையும் தூக்கலாம். மெல்லிய குரல் மேலே வரும். அதோடு அறையில் இருந்த மற்ற சத்தமும் வரும்.

எனக்கு வந்தது மழை. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கம், தேயிலைத் தோட்ட லயத்து அறையில், அம்மாயி தாலாட்டுப் பாடினார். தகரக் கூரையில் தூறல்; பாடும்போது எங்கள் காதில் விழவே இல்லை. நான் 6:1 போட்டு, ரிலீஸை, அதாவது அமுக்கிய பிடியை விட எடுக்கும் நேரத்தை, மிகக் குறைவாக வைத்துவிட்டேன். அவர் மூச்செடுக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் கூரை 'சோ'வென்று எழும்பி, அடுத்த வரியில் அடங்கியது. அதைவிட மோசம், பிள்ளை கண் மூடியதும் தாழ்ந்துபோகிற கடைசி வரி முதல் வரி அளவுக்கே உரக்க வந்தது. தாலாட்டு அந்தத் தாழ்வில்தானே இருக்கிறது! எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன்.

இப்போது, மிக மெல்லிய வரிகளை முதலில் கையாலேயே கொஞ்சம் தூக்கிவிடுகிறேன். அப்புறம்தான் கம்ப்ரஸர்: 2:1, ரிலீஸ் 200 மில்லிசெகண்ட் பக்கம், 3 அல்லது 4 டெசிபலுக்கு மேல் அமுக்க விடுவதில்லை.

மாசியில் தப்புப் பறை அடித்து ஆடும் காமன் கூத்து பதிவதென்றால் அட்டாக்கையும், அதாவது அமுக்கிப் பிடிக்க எடுக்கும் நேரத்தையும், பாருங்கள். 1 மில்லிசெகண்டில் வைத்தால் குச்சி தோலில் படுகிற அந்த முதல் அடி நசுங்கி, நெருப்பில் காய்ச்சிய தப்பு அட்டைப்பெட்டி தட்டின மாதிரி ஆகிவிடும். 20, 30 விடுங்கள். பாட்டும் தப்பும் ஒரே மைக்கில் விழுந்தால் ஒவ்வோர் அடிக்கும் குரல் அமுங்கும்; மைக்கைப் பாடுபவர் பக்கம் கொண்டுபோங்கள்.

எது செய்தாலும் நகலில் செய்யுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள்.