செமினோல் ஒட்டுத்துணியை மெஷினில்தானே தைக்கிறார்கள், அது எப்படி மரபுக் கலை ஆகும்?

செமினோல்கள் அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் பழங்குடியினர்; பல நிறத் துணித் துண்டுகளை இணைத்துத் தைப்பதுதான் அவர்களின் ஒட்டுத்துணி. பழங்குடி வேலை என்றால் கைத்தையலாகத்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பில் கேட்டிருக்கிறீர்கள். மெஷின் இல்லாவிட்டால் இந்தக் கலையே பிறந்திருக்காது.

1858இல் அமெரிக்க அரசோடு நடந்த மூன்றாவது செமினோல் போர் முடிந்தபோது புளோரிடாவில் மிஞ்சியவர்கள் சில நூறு பேர். மற்ற பெரும்பாலோரை அதற்கு முன்பே இன்றைய ஓக்லஹோமா பக்கம் துரத்திவிட்டார்கள். எவர்கிளேட்ஸ் சதுப்பில் ஒதுங்கியவர்கள் மான்தோல், முதலைத்தோல், பறவை இறகு கொடுத்துத் துணி வாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கையால் சுற்றும் மெஷினும் அந்த வியாபாரத்தில்தான் வந்தது. முதலில் வெறும் நீளப் பட்டைகள். பட்டையை வெட்டி மறுபடி இணைக்கும் வேலை 1910க்குப் பிறகுதான். 1928இல் எவர்கிளேட்ஸ் வழியாகப் போகும் டாமியாமி சாலை திறந்ததும் சுற்றுலாப் பயணிகளுக்கும் விற்றார்கள்.

நூறு வருடமெல்லாம் ஒரு பழமையா என்று சண்டைக்கு வருபவர்கள், முதலில் ஒரு முழம் தைத்துப் பார்க்கட்டும். எளிய வடிவத்தையே சொல்கிறேன்.

மெல்லிய பருத்தித் துணியை முதலில் அலசிவிடுங்கள். சிவப்பு பின்னால் சாயம் விட்டால் வெள்ளை போயிற்று. மூன்று நிறத்தில் ஒன்றரை அங்குலப் பட்டைகள் வேண்டும். கத்தரியைவிடக் கையால் கிழிப்பது நல்லது, இழை நேராக வரும். கால் அங்குலம் தையலுக்கு விட்டு மூன்றையும் நீளவாக்கில் இணைத்தால் மூன்றரை அங்குல அகலம் கிடைக்கும். அதைக் குறுக்கே ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள்; 45 அங்குலப் பட்டையில் 30 துண்டு தேறும். ஒவ்வொரு துண்டையும் முந்தையதைவிட ஒரு அங்குலம் கீழிறக்கித் தையுங்கள். நடு நிறச் சதுரங்கள் முனையோடு முனை தொட்டு, வைர வடிவ வரிசையாகிவிடும்.

கெடுவது இங்கேதான். ஒவ்வொரு இணைப்பும் ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாகத் துணியைத் தின்றால், 40 இணைப்பில் 5 அங்குலம் காணாமல் போகும்; பாவாடைச் சுற்றளவுக்கு எட்டாது. மேலும் கீழும் படிபடியாக நிற்கும் ஓரத்தைச் சதுர முனையிலிருந்து கால் அங்குலம் விட்டு நேராக வெட்டும்போது, அந்த ஓரம் முழுக்கக் கிராஸ் ஆகிவிடும், அதாவது இழைக்குச் சாய்வாக அமைந்துவிடும். தொட்டாலே இழுபடும். அதனால் உடனே இருபக்கமும் நேரிழைப் பட்டை வைத்துத் தைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியையும் இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இதே கோலத்தைத் துணியில் அச்சடித்து 'செமினோல்' என்று விற்கிறார்கள். ஒரு பெண் நாள்கணக்கில் உட்கார்ந்து தைத்த பட்டைக்கு, அதைக் காட்டித்தான் விலை குறைத்துக் கேட்கிறார்கள். வாங்குமுன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்துணி வைக்காத உடையாக இருந்தால், ஒவ்வொரு துண்டின் தையல் ஓரமும் கையில் தட்டுப்படும்.